கண்ணுக்கா? காலுக்கா?

'வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் செய்து பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டை ஐம்பது ஆண்டுகள் கழித்துப் புதுப்பித்துப் பார்ப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பட்டறிந்திருந்தால் அதனையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நடந்தேறிய தரைவேலை எனக்குக் கற்பித்த சில பாடங்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சியில் உள்ள எங்கள் வீடு 1971-ஆம் ஆண்டில் என் தந்தையார் கட்டியது. கூடம், இரண்டு அறைகள், சமையலறை, பின்கட்டில் குளியலறை. எல்லாவற்றிற்கும் சிவப்பு ஆக்சைடு பூசிய சிமென்ட் தரை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, முகம் தெரியும் அளவிற்கு அதனை மெருகேற்றி வைத்திருந்தவர் என் தாயார். காலப்போக்கில் கூடத்துத் தரை வெடித்து, பிளவுகளில் மண் எழும்பத் தொடங்கிற்று. சமையலறையில் ஈரம் கசிந்தது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று முடிவு செய்து, டைல்ஸ் பதிப்பது எனத் தீர்மானித்தோம்.

கடைக்குச் சென்ற எங்களை வரவேற்றவை ஆளுயரத்திற்குச் சாய்த்து வைக்கப்பட்டிருந்த செவ்வகக் கற்கள். 'நாலுக்கு இரண்டு' என்று அவற்றைக் கடைக்காரர்கள் அழைக்கிறார்கள். வெண்பளிங்கைப் போன்ற நிறம், சாம்பல் நிறத்தில் மெல்லிய நரம்புகள், கண்ணாடிபோல் பளபளப்பு. என் மனைவிக்கும் மகளுக்கும் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்துவிட்டது. கூடம் முதல் குளியலறை வரை அந்த ஒரே கல்லைப் பதித்துவிடலாம் என்று கடைக்காரர் யோசனை கூறினார். முன்பணம் கொடுக்குமுன், தாயாரிடம் காட்டுவதற்காக மாதிரிக்கு ஒரு துண்டை வாங்கி வந்தேன்.

எண்பத்தொரு வயதான என் தாயார் அத்துண்டைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. "கீழே போடு, தம்பி" என்றார். போட்டேன். அருகிலிருந்த குவளையிலிருந்து சிறிது தண்ணீரை அதன்மேல் ஊற்றச் சொன்னார். நாற்காலியில் அமர்ந்தபடியே வலது பாதத்தை அதன்மேல் வைத்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தார். பாதம் பனிக்கட்டியின் மேல் செல்வதுபோல் வழுக்கிச் சென்றது.

"இது கண்ணுக்கு வாங்குற கல்லா தம்பி, காலுக்கு வாங்குற கல்லா?" என்று கேட்டார்.

அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. அவருடைய தங்கை, என் சித்தி, தம் மகன் புதிதாகப் புதுப்பித்த வீட்டில் குடியேறிய ஆறாம் வாரத்தில் குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. அழகிய அந்த வீட்டில் ஒரே ஓர் அறையின் சுவர்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். முதுமையில் எலும்பின் அடர்த்தி குறைந்துபோவதால், இளையவர்கள் எழுந்து உதறிவிட்டுப் போகும் ஒரு சறுக்கல், பெரியவர்களுக்கு வாழ்வின் போக்கையே மாற்றிவிடும் விபத்தாகிறது. அன்று முன்பணம் கொடுக்கவில்லை. கல்லைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

செவ்வகம் வந்த வழி

நம் நாட்டில் நெடுங்காலம் தரைக்குச் சதுரக் கல்லே வழக்கிலிருந்தது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்கள் அதற்குச் சான்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றிக் கையால் வார்க்கப்படும் அவை சூளையில் சுடப்படுவதில்லை. நீரில் ஊறவைத்தே உறுதி பெறுகின்றன. நான்கு கற்கள் சேர்ந்தால் ஒரு பூ முழுமை பெறும்படி வடிவம் அமைக்க வேண்டியிருந்ததால் சதுரமே அங்கு ஏற்புடையதாயிற்று.

செவ்வகக் கல் உலகப் புகழ் பெற்றது தரையால் அன்று, சுவரால். 1900-இல் பாரிஸ் மாநகரில் திறக்கப்பட்ட சுரங்க இரயில் நிலையங்களின் சுவர்களை வெண்ணிறச் செவ்வகக் கற்களே அணிசெய்தன. 1904 அக்டோபர் 27 அன்று திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க இரயில் பாதையின் நிலையங்களிலும், ஹைன்ஸ், லாஃபார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் மூன்று அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட வெண்கற்களைப் பயன்படுத்தினர். நிலத்தடியின் இருளில் வெளிச்சத்தை எதிரொளிக்க வேண்டும். அழுக்குப் படிந்தால் எளிதில் துடைக்க வேண்டும் என்பவையே அங்கு எழுந்த தேவைகள். அழகு அத்தேவைகளின் பின்னால் வந்தது. இன்று பல வீடுகளின் சமையலறைச் சுவரில் நாம் காணும் சிறு செவ்வகக் கற்கள் அந்த மரபில் வந்தவையே.

இக்காலத்தில் நம் கடைகளுக்கு வரும் கற்களில் மிகப் பெரும் பகுதி குஜராத் மாநிலத்து மோர்பி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த ஆலைகளில் செய்யப்படுபவை. பெரிய கற்களைப் பிசகின்றி அழுத்திச் சுடும் எந்திரங்கள் வந்த பின்னரே நாலுக்கு இரண்டு நம் கூடங்களுக்குள் நுழைந்தது.

இரண்டு வகை, இரண்டு குணம்

கடையில் உள்ள கற்களை இருபெரும் வகையாகப் பிரிக்கலாம். சுவருக்கான பீங்கான் கல் ஒன்று. இது தன் எடையில் பத்து விழுக்காட்டிற்கும் மேல் நீரை உறிஞ்சக்கூடியது, எடை குறைந்தது, வலுவும் குறைந்தது. சுவர்க்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தரையில் பதிப்பது பெருந்தவறு. மற்றொன்று விட்ரிஃபைடு எனப்படும் கல். மிகுந்த வெப்பத்தில் உருகி இறுகிய இது, அரை விழுக்காட்டிற்கு மேல் நீரை உறிஞ்சாது. தரைக்கு ஏற்றது இதுவே.

மேற்பரப்பிலும் இரு நிலைகள் உண்டு. கண்ணாடிபோல் மின்னுவது ஒன்று. மேட் எனப்படும் மங்கலான பரப்பு மற்றொன்று. வழுக்கலைத் தடுக்கும் தன்மையைக் குறிக்க, சாய்தளத்தில் மனிதரை நடக்கவைத்துச் செய்யும் சோதனை ஒன்று ஜெர்மனியில் வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி ஆர்-9 முதல் ஆர்-13 வரை கற்களுக்குத் தர எண் கொடுக்கிறார்கள். எண் உயர உயர வழுக்கல் குறையும். குளியலறைத் தரைக்கு ஆர்-10 அல்லது ஆர்-11 இருப்பது நலம். கல்லின் விவரப் புத்தகத்தில் இவ்வெண்ணைக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம். காட்டப் புத்தகம் இல்லையெனில், என் தாயார் செய்த குவளை நீர்ச் சோதனை எப்போதும் கைவசம் உண்டு.

பளபளப்பினால் வேறொரு தொல்லையும் உண்டு. கண்புரை அறுவை செய்துகொண்டவர்க்கும் பார்வை மங்கியவர்க்கும், சன்னல் வெளிச்சம் பட்டு மின்னும் தரை, தண்ணீர் தேங்கிய தரைபோல் தோன்றும். அவர்கள் தயங்கித் தயங்கிக் காலெடுத்து வைப்பார்கள். அத்தயக்கமே தடுமாற்றத்திற்கு இடமாகும். எங்கள் கூடத்திலிருந்து பின்கட்டிற்கு மூன்று அங்குலத் தாழ்வான ஒரு படி உண்டு. மேலும் கீழும் ஒரே வெண்கல்லைப் பதித்திருந்தால் அப்படி எங்கே முடிகிறது என்பதே என் தாயாருக்குத் தெரிந்திராது.

மறுபக்கத்து நியாயம்

இவ்வளவும் கேட்டு முடித்தபின் என் மனைவி ஒரு கேள்வி எழுப்பினாள். "அத்தை தம் காலைப் பார்க்கிறார்கள், சரிதான். தினமும் இந்தத் தரையைத் துடைக்கிற என் முதுகை யார் பார்ப்பது?"

அக்கேள்வியும் நியாயமானதே. சொரசொரப்பு மிகுந்த கல்லின் நுண்ணிய குழிகளில் அழுக்குத் தங்கும். துடைப்பத்திற்கும் துணிக்கும் எளிதில் இணங்காது. வீட்டின் தரையைத் தேர்ந்தெடுக்கும் ஆண்கள் பெரும்பாலும் அதனைத் துடைப்பவர்கள் அல்லர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனவே வீடு முழுவதற்கும் ஒரே கல் என்னும் எண்ணத்தைக் கைவிட்டோம். கூடத்திற்கும் அறைக்கும், கையால் தடவினால் வழவழப்பாகவும் கண்ணுக்கு மங்கலாகவும் உள்ள மேட் கல். குளியலறைக்கும் பின்கட்டிற்கும் மட்டும் பிடிப்பு மிகுந்த சொரசொரப்பான கல் என்று முடிவாயிற்று. நாங்கள் முதலில் பார்த்த பளபளப்புக் கல்லுக்கும் மேட் கல்லுக்கும் அக்கடையில் விலையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

நிறத்திலும் கவனம் தேவை. எங்களுடையதைப் போன்று உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் வீடுகளில், குளியலறைக்குக் கருநிறக் கல் ஆகாது. நீர் காய்ந்தவுடன் வெண்ணிறக் கறை படியும். அக்கறையைப் போக்க ஆசிட் ஊற்றினால், கற்களுக்கிடையே உள்ள சிமென்ட் அரிக்கப்பட்டு, அவ்வழியே நீர் இறங்கத் தொடங்கும். வெளிர் மணல் நிறத்தையும் சாம்பல் நிறத்தையும் நாங்கள் தெரிந்தெடுத்தது இதனால்தான்.

எந்த இடத்திற்கு எந்த அளவு?

செவ்வகக் கல்லுக்குத் திசை உண்டு. சதுரத்திற்கு அது இல்லை. குறுகலான நடையில் கல்லை நீளவாக்கில் பதித்தால் அது சுரங்கம்போல் மேலும் நீண்டு தோன்றும். குறுக்குவாக்கில் பதித்தால் அகலமாகத் தோன்றும். சுவரில் கல்லைப் படுக்கைவாக்கில் வைத்தால் அறை விரிந்தும், நெடுக்குவாக்கில் வைத்தால் உயர்ந்தும் காணப்படும். தாழ்ந்த கூரையுள்ள பழைய குளியலறைகளுக்கு நெடுக்குவாக்கு ஏற்றது.

குளியலறைத் தரைக்கு மட்டும் பெரிய செவ்வகக் கல்லைத் தவிர்ப்பதே நல்லது. அங்கே தண்ணீர் போகும் துளையை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும். எட்டு அடி நீளத்திற்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறக்கம் தேவை. நீண்ட கல் வளைந்து கொடுக்காது. நான்கு பக்கமிருந்தும் துளையை நோக்கி வாட்டம் அமைக்க அதனை மூலைக்கு மூலை வெட்ட நேரிடும். ஓர் அடிச் சதுரக் கல்லோ அதனினும் சிறியதோ வாட்டத்திற்கு இணங்கும். மேலும், சிறிய கற்களுக்கிடையே இணைப்புக் கோடுகள் மிகுதியாதலால் பாதத்திற்கும் பிடிப்பு மிகும். எங்கள் குளியலறையில் தரைக்கு ஓரடிச் சதுரமும், சுவருக்கு 'இரண்டுக்கு ஒன்று' செவ்வகமும் பதித்தோம்.

கணக்கும் கையிருப்பும்

நாலுக்கு இரண்டு என்று வாயால் சொன்னாலும் அக்கல்லின் உண்மை அளவு 1200 மில்லிமீட்டர் நீளம், 600 மில்லிமீட்டர் அகலம். அதாவது எட்டுச் சதுர அடி அன்று; ஏறக்குறைய 7.75 சதுர அடி. பெட்டிக்கு இரண்டு கல் இருந்தால் 15.5 சதுர அடி. எங்கள் கூடம் பதினைந்துக்குப் பன்னிரண்டு, அதாவது 180 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்காகப் பத்து விழுக்காடு கூட்டினால் 198. அதனை 15.5-ஆல் வகுத்தால் 12.8 வருகிறது; ஆகவே 13 பெட்டிகள். இதற்குமேல் ஒரு பெட்டியைச் சேமிப்பாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறோம். பின்னாளில் ஒரு கல் உடைந்தால் அதே நிறத்தில் மற்றொன்று கிடைக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. ஒவ்வொரு சூளைச் சுற்றிலும் நிறம் சற்றே மாறுபடும். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண்ணும் ஒரே நிற எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பதிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நல்ல கல்லும் கெட்ட வேலையால் வீணாகும். நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு கல், வெறும் சிமென்ட் பாலைப் பற்றிக்கொள்ளாது. அதற்கென்று விற்கப்படும் டைல்ஸ் பசையைக் குழைத்து, பல்லுள்ள கரணையால் வரிவரியாக இழுத்து, கல்லின் அடிப்புறம் முழுவதும் படியும்படி பதிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்துக் கல்லை அழுத்திவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு பதித்த கல்லைத் தட்டினால் வெற்றோசை எழும். கனமான பொருள் விழுந்தால் அவ்விடமே முதலில் உடையும். பதித்த மறுநாள் ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை.

செவ்வகக் கல்லுக்கே உரிய ஓர் இடர் உண்டு. நீண்ட கற்கள் சூளையில் வேகும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் மேடாக வளைந்துவிடும். செங்கல் வரிசைபோல் ஒரு கல்லின் நடுப்பகுதிக்கு நேராக அடுத்த கல்லின் முனை வரும்படி பதித்தால், மேடும் பள்ளமும் அருகருகே வந்து ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். அது காசின் தடிமனே ஆயினும், காலைத் தேய்த்து நடக்கும் முதியவரின் கட்டைவிரலை இடறிவிட அதுவே போதும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்க்குக் காயம் பட்டதும் தெரியாது. எனவே, பதினைந்து அங்குலத்திற்கு மேல் நீண்ட கற்களை வரிசை மாற்றிப் பதிப்பதானால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாமல் தள்ளிப் பதிக்க வேண்டும். நேர்வரிசையே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. நாங்கள் நேர்வரிசையையே கைக்கொண்டோம்.

கற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பதிப்பதும் தவறு. கோடை வெப்பத்தில் கல் சிறிதளவு விரியும். விரிய இடமின்றிப் போனால், ஒருநாள் நடுக்கூடத்தில் இரண்டு கற்கள் ஓசையுடன் மேலெழும்பி நிற்கும். இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்பேசர் வைத்துப் பதித்து, பிறகு அதனை நிரப்ப வேண்டும். சுவரோரத்திலும் சிறிது இடம் விடவேண்டும். ஸ்கர்ட்டிங் அதனை மறைத்துவிடும்.

பழைய தரையின் மேலேயே பதிப்பதானால், பசையும் கல்லும் சேர்ந்து தரை அரை அங்குலத்திற்கு மேல் உயரும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கதவுகளின் அடிப்பகுதியைச் சீவ நேரும். அறைக்கு அறை புதிய தடுக்கல்கள் உண்டாகும். எங்கள் கூடத்துத் தரை உறுதியிழந்திருந்ததால் அதனைப் பெயர்த்தெடுத்தோம். பின்கட்டுப் படியின் விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்திற்குக் கருஞ்சாம்பல் நிறக் கல்லைப் பட்டையாகப் பதித்தோம். இப்போது படி இருக்குமிடம் அரை வெளிச்சத்திலும் தெரிகிறது. குளியலறைச் சுவரில், பாதத்திற்குத் துணையாகக் கைக்கும் ஒரு பிடி இருக்கட்டும் என்று எவர்சில்வர் கைப்பிடிகள் இரண்டையும் பொருத்தினோம்.

தாயாரின் அறைக்குக் கொத்தனார் வந்தபோது, "இதை விட்டுடுங்க, இது உங்க அப்பா போட்ட தரை" என்றார் அவர். அவ்வறையின் சிவப்புத் தரை வெடிப்பின்றி உறுதியாகவே இருந்தது. அதனைத் தொடவில்லை. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் பாதத்திற்கு அதன் ஒவ்வோர் அங்குலமும் தெரியும். கூடத்துத் தரையை மட்டும் அதன் மட்டத்திற்கே ரசமட்டம் வைத்து இணைத்துவிட்டார் கொத்தனார்.

வேலை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டிற்கு வருவோர் எங்கள் தரையைக் கண்டு வியப்பதில்லை. சிலர் கவனிப்பதும் இல்லை. "இன்னும் கொஞ்சம் பளபளப்பாக எடுத்திருக்கலாமே" என்று கூறிய உறவினரும் உண்டு. ஆனால் இரவு மூன்று மணியளவில் என் தாயார் எழுந்து பின்கட்டிற்குச் செல்லும் காலடியோசை அன்றாடம் என் காதில் விழுகிறது. முன்பெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டு, நின்று நின்று செல்வார். இப்போது அவ்வோசை நிற்பதில்லை. அது திரும்பி வந்து அடங்கும் வரை விழித்திருந்து, பிறகு நானும் கண்ணயர்கிறேன்.

இல்லத்தைப் புதுப்பிக்க எண்ணும் குடும்பத்தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். தரையில் கிடத்தி, ஒரு குவளை நீரை ஊற்றி, வீட்டிலுள்ள மிக மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பாதத்தை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு, அதனை நாள்தோறும் துடைக்கப்போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்விருவரும் சரி என்றபின் முன்பணம் கொடுங்கள்.